நடைத் தொடக்க விழா

நடப்பதற்கும் தொடக்க விழா உண்டு என்பது அய்யம்பெருமாளுக்கு ஐம்பத்திரண்டு வயது வரை தெரியாது. குழந்தையில் அவர் நடக்க ஆரம்பித்தபோது யாரும் ரிப்பன் வெட்டவில்லை. அதனால் அவருடைய நடை முறையற்றது என்று பிற்பாடு தீர்மானமாயிற்று.

அவர் செட்டிகுளத்துக்குப் பக்கத்தில் சின்ன வெங்காயம் பயிரிடுகிறவர். சர்க்கரை வந்து பல வருஷமாகிறது. அண்ணன் இளையபெருமாளுக்கும் சர்க்கரை இருந்தது. ஒருநாள் காலையில் களை எடுத்துக்கொண்டிருந்த அண்ணன் வரப்பில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தார். "என்னமோ வேர்க்குதுடா" என்றார். நெஞ்சைப் பிடிக்கவில்லை. கத்தவில்லை. அய்யம்பெருமாள் தண்ணீர் எடுத்து வந்தபோது களைக்கொத்து கையில் இருந்தது, அண்ணன் இல்லை.

காரியம் முடிந்த மறுவாரம் மனைவி முத்தாயி அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே பிரவீணா என்ற இளம் டாக்டர் இருந்தார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுப் பேசினார்.

"சர்க்கரை ரொம்ப நாளா இருந்தா நரம்பு மரத்துப்போயிடும்ங்க. கால்ல முள்ளு குத்துனா தெரியாதுல்ல, அதே மாதிரி நெஞ்சுல அடைச்சாலும் சில பேருக்குத் தெரியாது. சும்மா வேர்க்கும், மூச்சு வாங்கும், அசதியா இருக்கும். உங்களுக்கு அதுதான் நெஞ்சுவலி."

"அதுக்கு மாத்திரை இருக்குங்களா?"

"இருக்கு. மாத்திரையோட நடக்கவும் செய்யணும். எதையாவது சாப்பிட்டுட்டு, தினம் அரை மணி நேரம், வேகமா."

"காட்டுல நடந்துக்கிட்டுத்தானங்க கெடக்கேன்."

"அது நின்னு நின்னு நடக்குறது. இது விடாம நடக்கணும். நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. பாட முடிஞ்சா வேகம் பத்தலைன்னு அர்த்தம். பேசவே முடியலைன்னா உடனே நின்னுடணும்."

அய்யம்பெருமாள் ஏரிக்கரையில் நடந்தார். முதல் சில நாள் முத்தாயியும் கூடவே போனாள். கரையின் பாதியில் "எங்க, ஒரு பாட்டு பாடுங்க பாப்பம்" என்பாள். அவர் வாயைத் திறந்து மூச்சிரைப்பார். "சரி, பேசுங்க" என்பாள். "உங்க அப்பன் எனக்கு ஒரு மோதிரம் பாக்கி" என்பார். வேகம் சரியாக இருக்கிறது என்று இருவரும் மேற்கொண்டு நடப்பார்கள். அறுவடை வருவதற்குள் சர்க்கரை இறங்கியிருந்தது. பிரவீணா ஒரு மாத்திரையைக் குறைத்தார்.

இவ்வளவு சுலபமான ஒன்றை அப்படியே விட்டுவைக்க முடியாது. இயக்கம் வந்தது.

முழுப் பெயர், பெரம்பலூர் அரியலூர் சர்க்கரை நோயாளர் இதய நல நடை இயக்கம். இரண்டு ஊரும் ஒரே மாவட்டமாக இருந்து, பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்தவை. ஆகவே இயக்கத்துக்கு இரண்டு தலைவர்கள். இருவரில் யார் பெரியவர் என்பது எங்கும் எழுதப்படவில்லை. எழுத முயன்ற கூட்டம் கலைந்துவிட்டது.

நடைப்பாதையை எல்லையில் போட்டார்கள். அங்கே வேலை முடிந்து கைவிட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்று இருந்தது. உள்ளே பச்சைத் தண்ணீர். எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது. விழுந்த ஆடுகள் மிதக்கவில்லை என்பது மட்டும் தெரியும். அதைச் சுற்றித் தார் போட்டார்கள். சாலையில் போகும் சிமெண்ட் லாரிகளின் தூசி படிந்து சீமைக்கருவேல மரங்கள் வெளுத்துக் கிடந்தன. பாதையின் தொடக்கத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு. கோட்டுக்கு முன்னால் மைதானம். மைதானத்துக்கு ஒரு பெரிய கேட். சர்க்கரை மாத்திரைகள் இனி அங்கேதான் கிடைக்கும், நடக்க வருகிறவர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும் என்று அறிவித்தார்கள்.

முதல் நாள் அய்யம்பெருமாள் விடியற்காலை பஸ்ஸில் போய் இறங்கினார். கேட்டில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. ஓரத்தில் ஆள் நுழைகிற சந்து ஒன்று இருந்தது. ஒவ்வொருவராக உடம்பைத் திருப்பி உள்ளே போனார்கள். உள்ளே கோட்டுக்கு இந்தப் பக்கம் இரு மாவட்டத்துச் சர்க்கரையும் வரிசையாக நின்றது. அய்யம்பெருமாள் செருப்பை இறுக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டிக் கால் வைத்தார்.

"ஐயா!" என்று ஒரு குரல் கேட்டது. வெள்ளைச் சட்டையில் அடையாள அட்டை தொங்க ஒருவர் சிரித்துக்கொண்டே வந்தார். அவர் மணிவேல், இயக்கத்தின் ஒருங்கிணைப்பாளர். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அவசரப்பட்டும் பார்த்ததில்லை.

"எங்க போறீங்க?"

"நடக்கங்க."

"நடை இன்னும் தொடங்கலைங்களே. தலைவருங்க வந்து ரிப்பன் வெட்டணும். பின்னாடி வாங்க."

அய்யம்பெருமாள் காலை எடுத்தார். பக்கத்தில் நின்ற ஆள் சிரித்தார். "வாங்க மாப்ள, நீங்களும் நடக்கத்தான் வந்தீங்களா? எனக்கும் மொதல்ல அப்படித்தான் தோணுச்சு."

அது குருநாதன். முத்தாயி பிறந்த ஊர்க்காரர், அவளுக்கு அண்ணன் முறை. முப்பது வருஷம் அரியலூர் பக்கம் சிமெண்ட் லாரி ஓட்டியவர். இப்போது காலையும் மாலையும் வயிற்றில் இன்சுலின் குத்திக்கொள்கிறவர். சட்டைப் பையில் எப்போதும் கடலை மிட்டாய் இருக்கும். சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ள.

"மச்சான், எப்ப வருவாங்களாம்?"

"ரெண்டு பேரும் வந்தாச்சு. எங்க தலைவரு அரியலூர் ரோட்டுல புளியமரத்துக்கிட்ட காருக்குள்ள இருக்காரு. உங்க தலைவரு பெரம்பலூர் ரோட்டுல பெட்ரோல் பங்க்குக்கிட்ட இருக்காரு. யாரு மொதல்ல வர்றாங்களோ அவுங்க அடுத்தவருக்காகக் காத்திருக்கணும். காத்திருந்தா சின்ன ஆளாயிடுவாங்க. அதான்."

வெயில் ஏறியது. காலையில் ரத்தம் எடுப்பார்கள், வெறும் வயிற்றில் வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மாத்திரையும் ஊசியும் எப்போதும்போல் போட்டுக்கொண்டு வரவும் சொல்லியிருந்தார்கள். ரத்தம் எடுக்கும் மேசைக்கும் ரிப்பன் கட்டியிருந்தது. அதையும் தலைவர்கள்தான் வெட்டவேண்டும். கூட்டத்தில் சிலருக்குக் கை நடுங்கியது. நிற்கிறவர்கள் சோர்ந்துவிடக் கூடாது என்று இயக்கப் பாடலைப் பாட வைத்தார்கள். நீளமான பாடல். எல்லோராலும் முழுதாகப் பாட முடிந்தது. அய்யம்பெருமாளுக்கு டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது.

கடைசியில் இரு கார்களும் இரு திசையிலிருந்து ஒரே நேரத்தில் வந்து, ஒரே நேரத்தில் கதவு திறந்து, தலைவர்கள் இரண்டு கத்தரிக்கோலால் ரிப்பனை இரண்டு பக்கமும் வெட்டினார்கள். நடுத்துண்டு கீழே விழுந்தது. அதை யார் எடுப்பது என்பதில் சற்று நேரம் போயிற்று.

பெரம்பலூர்த் தலைவர் மைக்கைப் பிடித்தார். "இதயம் ஒரு நாளும் ஓய்வெடுப்பதில்லை. ஆனால் நாம் எடுக்கிறோம். எனவே நம்மைவிட நம் இதயம் நன்றாகவே இருக்கிறது என்பது என் கருத்து. நான் கடந்த பதினைந்து ஆண்டுகளாக எங்கும் நடந்து சென்றதில்லை. அவ்வளவு பணி. இருந்தும் உங்களுக்காக இந்தப் பாதையை அமைத்திருக்கிறேன் என்றால் அதில் என் சுயநலம் எங்கே இருக்கிறது?"

அரியலூர்த் தலைவர் அதைவிட நீளமாகப் பேசினார். முடிந்தபோது உச்சிவெயில். மணிவேல் மைக்குக்கு வந்தார். "அன்பானவர்களே, இந்த வெயிலில் நடப்பது இதயத்துக்கு ஆபத்து. மருத்துவ உண்மை இது. ஆகவே இன்றைய நடை இனிதே நிறைவுற்றது."

மறுநாள் காலையில் கேட்டில் புது ரிப்பன் கட்டியிருந்தது.

"நேத்துதானங்க தொடங்கி வச்சாங்க?" என்று அய்யம்பெருமாள் கேட்டார்.

மணிவேல் பொறுமையாக விளக்கினார். "நேத்து தொடங்கி வச்சது நேத்தைய நடை. இன்னைக்கு நடை இன்னும் தொடங்கலையே. நேத்து சாப்பிட்டீங்கன்னு இன்னைக்குச் சாப்பிடாம இருக்கீங்களா?"

இருக்கிறோம் என்று சொல்ல அய்யம்பெருமாளுக்குத் தோன்றியது. வயிறு காலியாக இருந்ததால் குரல் வரவில்லை.

இப்படியே வாரங்கள் போயின. தலைவர்கள் வராத நாளில் துணைத் தலைவர்கள் வந்தார்கள். தலைவராகும் ஆசை இருந்ததால் அவர்கள் இன்னும் தாமதமாக வந்தார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் தார்ப்பாதையில் புல் முளைத்தது. ஒரு கீரி மட்டும் தினமும் குறுக்கே போனது. அதை யாரும் தொடங்கி வைக்கவில்லை.

அய்யம்பெருமாள் ஒரு காரியம் செய்தார். சாயங்காலம் ஏரிக்கரையில் மறுபடி நடக்கப் போனார். மூன்றாம் நாள் மணிவேல் வீட்டுக்கே வந்துவிட்டார். முத்தாயி கொடுத்த மோரை வாங்கிக் குடித்தார். நன்றாக இருக்கிறது என்றார்.

"ஏரிக்கரையில நடக்குறீங்கன்னு சொன்னாங்க."

"ஆமாங்க. டாக்டரம்மா சொன்னது."

"அங்க உங்களை யாரு தொடங்கி வச்சாங்க?"

அய்யம்பெருமாள் முத்தாயியைப் பார்த்தார்.

"நான்தான் தொடங்கி வச்சேன்" என்றாள் முத்தாயி. "போய்ட்டு வாங்கன்னு சொன்னேன்."

மணிவேல் ரசித்துச் சிரித்தார். "அம்மா, நீங்க தமாசா பேசுறீங்க. ஆனா பாருங்க, இவரு இயக்கத்துல இருக்காரு. தனியா நடந்து இவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, நடந்ததால ஆச்சுன்னு பேரு எங்களுக்கு வரும். எங்ககிட்ட நின்னுக்கிட்டு இருக்கும்போது ஆச்சுன்னா, அது இயற்கை. புரியுதுங்களா? அங்கீகாரம் இல்லாம நடக்குறவங்களுக்கு மாத்திரை குடுக்க விதியில இடமில்ல. நான் விதியச் சொல்றேன், மெரட்டலை."

மோர்ச் சொம்பைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார். முத்தாயி அதை மறுபடி கழுவினாள்.

அய்யம்பெருமாள் ஏரிக்கரையை விட்டார். காலை முழுதும் மைதானத்தில் நின்று, மதிய பஸ்ஸில் திரும்பி, மாலையில் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டினார். சர்க்கரை ஏறியது. ஒருநாள் வெங்காயக் கூடையைத் தூக்கி, வெங்காயம் சேமித்து வைக்கும் பட்டறையில் கொட்டப் போனவர், பாதியில் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பட்டறையின் மூங்கில் தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலி ஒன்றுமில்லை. மூச்சு மட்டும் மேலே மேலே வாங்கியது. முத்தாயி அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். வேர்த்திருந்தது. அவள் புடவையை மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள், அவரையும் கூட்டிக்கொண்டு.

பிரவீணா ஈசிஜி தாளைப் பிடித்துப் பார்த்தார்.

"கோடு சரியா இல்லைங்க. நடக்கச் சொன்னேனே, நடந்தீங்களா?"

"நடைக்குப் போனேங்க."

"நடந்தீங்களா?"

"நின்னேங்க."

பிரவீணாவுக்கு அது புரிய நேரமாயிற்று. புரிந்தபின் அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு முத்தாயியிடம் பேசினார்.

"அம்மா, இனிமே நான் சொல்றது வேற. இப்ப இவரு வேகமா நடக்கக் கூடாது. மூச்சு வாங்குற மாதிரி எதுவுமே செய்யக் கூடாது. ட்ரெட்மில் டெஸ்ட் எடுக்கணும். ஓடுற மிஷின் மேல நிக்க வச்சு, நெஞ்சுல ஒயர் ஒட்டி, டாக்டர் பக்கத்துல நின்னு பாப்பாங்க. எங்க அடைப்பு, எவ்வளவு நடக்கலாம்னு அப்பதான் தெரியும். நாளைக்கே திருச்சிக்குப் போங்க."

நாளைக்கு வெங்காயம் ஏற்ற வண்டி வருகிறது. அதற்கு மறுநாள் போகலாம் என்று முடிவு செய்து, விடிந்ததும் மாத்திரைக்காக மைதானத்துக்குப் போனவர் மணிவேலிடம் விஷயத்தைச் சொன்னார். அங்கேதான் தவறு நடந்தது.

"திருச்சியா?" மணிவேல் உண்மையாகவே வருத்தப்பட்டார். "நம்ம மிஷினை வச்சுக்கிட்டு எதுக்குங்க திருச்சி?"

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். மேடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ட்ரெட்மில் நின்றது. பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. உறைக்கு மேலேயே சந்தனம் குங்குமம். காய்ந்த மாலை ஒன்று. குறுக்கே ரிப்பன்.

"வர்ற வியாழக்கிழமை தொடக்கம். இருதய டாக்டரும் வர்றாரு. மொத டெஸ்ட்டே உங்களுக்குத்தான். நான் பொறுப்பு."

அந்த வியாழன் இரு தலைவர்களும் ஒரே நேரத்தில் வர முடியவில்லை. அடுத்த வியாழனும் முடியவில்லை. அடுத்த வியாழன் என்பது எப்போதும் ஒரு வாரத்துக்குள் வந்துவிடுகிற ஒன்று. திருச்சியோ இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். பட்டறையில் வெங்காயம் இருக்கிறது, மழை வருகிறது. முத்தாயி தினம் திட்டினாள். அய்யம்பெருமாள், "வியாழக்கிழமை வரைக்கும் பாப்பம்" என்றார்.

குருநாதன் விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.

அன்று காலையிலிருந்தே அவர் தமாஷ் பேசவில்லை. அதுவே அய்யம்பெருமாளுக்குப் பிடிக்கவில்லை. வெயில் சுரங்கத் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்தியது.

"என்னா மச்சான்?"

"சர்க்கரை எறங்குது போல மாப்ள. வேர்க்குது." கடலை மிட்டாயை எடுத்து வாயில் போட்டார்.

தொண்டர் ஒருவர் ஓடி வந்தார். "ரத்தம் எடுக்காம வாயில எதுவும் போடக் கூடாதுங்க. ரிசல்ட் கெட்டுடும்."

"கெடட்டும்பா" என்றார் குருநாதன். மென்றார். விழுங்கினார். சற்றுப் பொறுத்து இன்னொன்று. வேர்வை நிற்கவில்லை.

"வலிக்குதா?"

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல."

அய்யம்பெருமாள் அவர் கையைப் பிடித்து இழுத்தார். "மச்சான், உக்காருங்க. உக்காருங்க கீழ."

குருநாதன் உட்கார்ந்தார். தொண்டர் அவர் தோளைத் தொட்டார். "தலைவர் காரு கெளம்பிடுச்சுங்க. எந்திரிங்க. உக்காந்திருந்தா மரியாதையா இருக்காது." குருநாதன் எழ முயன்றார். லாரிக்காரர், மேலிடத்துப் பேச்சுக்கு எழுந்து பழகியவர். பாதி எழுந்து பக்கவாட்டில் சாய்ந்தார்.

சாலையில் போன மினி வேனை யாரோ நிறுத்தினார்கள். வேன் உள்ளே வர முடியவில்லை. கேட்டில் ரிப்பன் இருந்தது. சந்து வழியாக ஒரு ஆள்தான் உடம்பைத் திருப்பிப் போகலாம், படுத்திருக்கிற ஆள் போக முடியாது. நான்கு பேர் குருநாதனைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் தட்டில் பட்டுத்துணி விரித்து இரண்டு கத்தரிக்கோல் இருந்தன. நான்கு பேரும் அதைப் பார்த்தார்கள். அய்யம்பெருமாளும் அந்த நால்வரில் ஒருவர். அவருடைய கை அதை எடுக்கவில்லை.

"குனிஞ்சுக்குங்க, குனிஞ்சுக்குங்க" என்று மணிவேல் அக்கறையாக வழி காட்டினார். நால்வரும் முழங்கால் மடித்து, குருநாதனைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, ரிப்பனில் படாமல் அடியில் கொண்டுபோனார்கள். ஒருவர் தலைப்பாகை மட்டும் லேசாக உரசியது. ரிப்பன் ஆடி நின்றது. "பரவால்ல, பரவால்ல" என்றார் மணிவேல்.

அரியலூர் போய்ச் சேர்வதற்கு முன்பே வேனில் குருநாதன் உயிர் போய்விட்டது. சட்டைப் பையில் மிட்டாய் மிச்சம் இருந்தது.

இரங்கல் கூட்டம் மைதானத்திலேயே நடந்தது. மௌன அஞ்சலிக்கு எழுந்து நிற்கச் சொன்னார்கள். ஏற்கனவே எல்லோரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். அரியலூர்த் தலைவர் பேசினார்.

"மறைந்த குருநாதன் இந்த மண்ணில் நின்றவாறே உயிர்நீத்தார். இதை நான் பெருமையோடு சொல்வேன். நம் பாதையில் நடந்து இதுவரை ஒருவர்கூட உயிரிழந்ததில்லை. இந்தச் சாதனை தமிழகத்தில் வேறு எந்த நடைப்பாதைக்கும் கிடையாது."

கைதட்டல் வந்தது. பாதைக்குக் குருநாதன் பெயர் வைப்பதென்று தீர்மானம் ஆனது. பெயர்ப்பலகையை யார் திறப்பது என்பதில் பிரச்சினை வந்தது. இறந்தவர் அரியலூர்க்காரர். விழுந்த இடம் அளந்து பார்த்ததில் பெரம்பலூர். இரு தலைவர்களும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு பொது ஆள் வேண்டும் என்று முடிவாயிற்று.

மணிவேல் மறுபடி வீட்டுக்கு வந்தார், இந்த முறை சால்வையோடு.

"நீங்க பெரம்பலூரு. அம்மா அரியலூரு. ரெண்டு மாவட்டமும் உங்க வூட்டுக்குள்ளயே இருக்கு. நீங்கதான் சிறப்பு விருந்தினர். தலைவருங்க ரெண்டு பேருமே ஒத்துக்கிட்டாங்க."

"எனக்கு அதெல்லாம் வேணாங்க" என்றார் அய்யம்பெருமாள். "நான் நாளைக்குத் திருச்சிக்குப் போறேன்."

"அன்னைக்கே மிஷினும் நீங்கதான் தொடங்கி வைக்கிறீங்க. யாருக்கும் காத்திருக்க வேணாம். வெட்டுறீங்க, ஏறுறீங்க, டெஸ்ட் முடிஞ்சுது. டாக்டரு அங்கயே நிக்கப்போறாரு."

முத்தாயி நடுவில் வந்தாள். "எங்க அண்ணனைத் தரையில தேச்சு இழுத்தீங்களே, அந்தக் கேட்டுக்கா இவரு வரணும்?"

"தேய்க்கலைம்மா. மரியாதையாத்தான் கொண்டுபோனோம். நீங்களும் வாங்க. முன்வரிசை."

யாருக்கும் காத்திருக்க வேண்டாம் என்ற சொல் அய்யம்பெருமாளின் காதில் நின்றுவிட்டது. அவ்வளவு மாதம் நின்றவருக்கு அது பெரிய சொல். ஒப்புக்கொண்டார்.

விழாவன்று கார் வந்தது. முத்தாயியை முன்னதாகவே பஸ்ஸில் அனுப்பிவிட்டார்கள். கார் மைதானத்துக்குப் போகாமல் சற்றுத் தள்ளிச் சாலையோரம் நின்றது.

"ஏன் நிக்கிறீங்க?"

"போன் வரணும்ங்க" என்றார் டிரைவர்.

ஏசி ஓடியது. கண்ணாடி வழியாகக் கேட்டும் ரிப்பனும் கூட்டமும் தெரிந்தன. எல்லாம் தெரிந்த முகங்கள். வெயிலில் நின்று இந்தக் காரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் முத்தாயி முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். பின்வரிசையில் ஒரு கிழவர் உட்கார்ந்தார். தொண்டர் அவரைத் தூக்கி நிறுத்தினார்.

அய்யம்பெருமாள் போன் செய்தார். "மணிவேல் சார், நான் வந்துட்டேன். உள்ள வரேன்."

"ஐயய்யோ, வந்துடாதீங்க. சொன்ன நேரத்துக்கு வந்துட்டா அப்புறம் உங்களுக்கு என்னா மதிப்பு? இன்னும் கொஞ்சம் நிக்கட்டும். அப்பத்தான் கை நல்லாத் தட்டுவாங்க."

அவர் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். வெயிலில் வேகமாகவே நடந்து கேட்டுக்குப் போனார். கூட்டம் திகைத்துப் போய்ப் பார்த்தது. மணிவேல் இரு கைகளையும் விரித்துக்கொண்டு எதிரே வந்தார்.

"நடந்தா வந்தீங்க? நடை விழாவுக்கு யாராச்சும் நடந்து வருவாங்களா? தலைவருங்க பாத்தா என்னா நெனப்பாங்க? திரும்பிப் போய்க் கார்ல வாங்க."

"அதான் வந்துட்டனே."

"இது வந்ததா ஆகாதுங்க."

அவர் திரும்பி நடந்தார். காரில் ஏறி, அதே தூரத்தைக் காரில் வந்து இறங்கினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கைதட்டல் மணிவேல் சொன்னதுபோல் நன்றாகவே இருந்தது. கேட்டில் ரிப்பனை வெட்டினார். கத்தரிக்கோல் கூராகவே இருந்தது. ஒரே வெட்டு. குருநாதன் பெயர்ப்பலகையின் திரையை விலக்கினார்.

கொட்டகையில் அடுத்த ரிப்பன். பிளாஸ்டிக் உறையைக் கிழித்தார்கள். அவரை மிஷின் மேல் ஏற்றினார்கள். படம் எடுத்தார்கள். மிஷின் அசையவில்லை.

"ஓடலையே?"

"கொட்டகை பெரம்பலூர்ல இருக்குதுங்க. கரண்ட்டுக் கம்பம் அரியலூர்ல இருக்கு. ஒயர் இழுக்கணும். அனுமதி வந்துடுச்சு, ஆளு வந்துக்கிட்டு இருக்காரு."

"டாக்டரு?"

"கரண்ட்டு வந்தா டாக்டரு வந்துடுவாரு. நீங்க அதுக்குள்ள மொத சுத்த முடிச்சுட்டு வந்துடுங்க."

"எந்த சுத்து?"

மணிவேல் சுண்ணாம்புக் கோட்டைக் காட்டினார். அதற்கு அந்தப் பக்கம் புல் செதுக்கிப் பாதையைச் சுத்தம் செய்திருந்தார்கள். "பாதையோட மொதச் சுத்து சிறப்பு விருந்தினருக்கு மட்டும்தான். நீங்க சுத்தி வந்தப்புறம்தான் மத்தவங்க."

"டாக்டரம்மா என்னை நடக்க வேணாம்னு சொல்லியிருக்காங்க. மிஷின்ல பாத்துட்டுத்தான் நடக்கணும்."

மணிவேல் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு இல்லை. மனது புண்பட்டவர்போல் இருந்தார். "இத்தனை மாசமா நடக்கணும் நடக்கணும்னு கேட்டீங்க. ஊரையே நிக்க வச்சு உங்களுக்குன்னு பாதையத் தொறந்து விட்டா, இப்ப வேணாங்கறீங்க. இத்தனை பேரும் உங்களுக்காகத்தான் நிக்கிறாங்க. எவ்வளவு நேரம் நிப்பாங்க?"

அய்யம்பெருமாள் கூட்டத்தைப் பார்த்தார். உட்கார்ந்து தூக்கி நிறுத்தப்பட்ட கிழவரின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் கோட்டைத் தாண்டினார்.

பாதை நன்றாகவே போட்டிருந்தார்கள். முதலில் மெதுவாகத்தான் நடந்தார். அப்புறம் ஒலிபெருக்கியில் இயக்கப் பாடல் வந்தது, காத்திருக்கிற முகங்கள் முதுகில் குத்தின, கால் தானாக எட்டிப் போட்டது. ஒரு பக்கம் கருவேலம். ஒரு பக்கம் கீழே பச்சைத் தண்ணீர். பேச முடிகிறதா என்று பார்த்துக்கொண்டார். "முத்தாயி" என்றார். முடிந்தது. வளைவு திரும்பி எதிர்க்கரைக்கு வந்தார். கூட்டம் இப்போது தண்ணீருக்கு அப்பால் சின்னதாகத் தெரிந்தது. மறுபடி "முத்தாயி" என்றார். உதடு அசைந்தது. மூச்சுதான் வந்தது.

பேச முடியவில்லை என்றால் உடனே நிற்க வேண்டும். அவர் நின்றார். வலிக்கிறதா என்று யோசித்தார். இல்லை. முகத்தைத் துடைத்தார். கை முழுக்க நனைந்தது. பாதையோரம் உட்கார்ந்தார், அண்ணன் வரப்பில் உட்கார்ந்த மாதிரியே. கூட்டம் இருந்த கரையைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினார்.

"சிறப்பு விருந்தினர் கையசைத்து நமக்கு வாழ்த்துச் சொல்கிறார்!" என்றது ஒலிபெருக்கி.

கூட்டம் கைதட்டியது. கைதட்டல் சுரங்கத்துக்குள் இறங்கித் திரும்பி வந்தது. எதிர்க்கரையில் தூக்கிய கை கீழே இறங்கியது.

"அவர் சற்று இளைப்பாறுகிறார். அவர் சுற்றை முடித்து வரும்வரை யாரும் கோட்டைத் தாண்ட வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்."

யாரும் தாண்டவில்லை. நிற்பதில் அவர்களுக்கு நல்ல பழக்கம் இருந்தது. தலைவர்கள் நாற்காலியில் இளநீர் குடித்தார்கள். எதிர்க்கரையில் வெள்ளையாக ஒன்று உட்கார்ந்திருந்தது, பிறகு சாய்ந்தது.

முத்தாயி செருப்பை உதறினாள். சுண்ணாம்புக் கோட்டில் கால் வைத்து அழித்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள். ஓடவில்லை, ஓடினால் பாதியில் விழுந்துவிடுவோம் என்று தெரிந்த நடை அது. பேச முடிகிற, பாட முடியாத வேகம். அந்தப் பாதையில் அப்படி நடந்த முதல் ஆள் அவள்தான்.

மணிவேல் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். அவர் குரலில் கோபமில்லை, அவசரமில்லை.

"அம்மா, திரும்பி வாங்கம்மா. நடை இன்னும் தொடங்கலை."